பிக்கப்பைக் கொடுத்துவிட்டு கேம்பர் வேன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு 56 வயது. அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமம். 2019-ல் வாங்கிய பொலிரோ பிக்கப் வைத்திருக்கிறேன், கடன் கட்டி முடித்தாயிற்று. எங்கள் நிலத்துக் கத்தரிக்காயோடு அக்கம்பக்கத்தார் காயையும் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இறக்குவேன். டீசல், பராமரிப்பு எல்லாம் போக மாதம் 18 ஆயிரம் ரூபாய் நிற்கிறது. மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், மகன் சென்னையில் படிக்கிறான். ஓடி ஓடிச் சம்பாதித்தது போதும் என்று தோன்றுகிறது. என் மனைவிக்கு ராமேஸ்வரம், கும்பகோணம் பக்கத்துக் கோவில்கள், ஒரு தடவை காசி என்று ஆசை. ஆனால் அவருக்கு முழங்கால் வலி. லாட்ஜ் படிக்கட்டையும் கழிவறையையும் நினைத்தாலே ‘எங்கேயும் வேண்டாம்’ என்கிறார்.

யூடியூபில் கேம்பர் வேன்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. ஓசூரில் ஒருவர் 2016 மாடல் டிராவலர் வேனை கேம்பராக மாற்றி வைத்திருக்கிறார். கர்நாடகப் பதிவு. உள்ளே கட்டில், சின்னக் கழிவறை, கேஸ் அடுப்பு, ஏ.சி., மேலே சோலார் எல்லாம் உண்டு. என் பிக்கப்பை எடுத்துக்கொண்டு, கூடவே 6 லட்சம் கேட்கிறார். மாதக் கடைசிக்குள் 25 ஆயிரம் அட்வான்ஸ் வேண்டுமாம். மாற்றிக்கொள்ளலாமா? இல்லை, கொஞ்சம் செலவு செய்து பிக்கப்பின் பின்னாலேயே கூண்டு கட்டி, மெத்தை போட்டு, மனைவியைப் படுக்க வைத்து ஓட்டிப் போகலாமா? வருடத்தில் 30, 40 இரவு வெளியில் தங்குவோம் என்று நினைக்கிறேன்.
— அணைக்கட்டு வாசகர்

பதில்: வணக்கம் ஐயா. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஓசூர் வேனை இந்தப் பேரத்தில் வாங்க வேண்டாம். பிக்கப்பின் பின்னால் உங்கள் மனைவியைப் படுக்க வைத்து ஓட்டும் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஆனால் ராமேஸ்வரத்தையும் காசியையும் விட்டுவிடாதீர்கள். அவரை அழைத்துப் போகத்தான் வேண்டும், அதற்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது.

நான் வேலூரில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் சிக்கிய வண்டியைப் போய்ப் பார்த்து, சேதம் எவ்வளவு, பாலிசிப்படி எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு எழுதுவது என் தொழில். அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும், ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன மிஞ்சும் என்றுதான் என் மனம் முதலில் போகும். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன்.

பிக்கப்பை முதலில் பார்த்துவிடலாம். உங்கள் வண்டி மஞ்சள் போர்டு, சரக்கு வாகனம். அதற்கு நீங்கள் கட்டும் பிரீமியத்தில் சரக்கின் உரிமையாளருக்கோ, அவர் அனுப்பும் ஆளுக்கோ சட்டப்படி பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறி வருகிறவருக்குக் கிடையாது. சரக்கு வண்டியில் பயணியாக வந்தவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று வரை தீர்ப்பாயங்களில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ‘என் மனைவிதானே, காசு வாங்கவில்லையே’ என்பது அங்கே வாதமாக நிற்காது. பின்னால் படுத்து வந்தால் மட்டும்தான் இந்தச் சிக்கல் என்றும் நினைக்காதீர்கள். கோவிலுக்குப் போகும் பயணத்தில் கேபினில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாலும் இதே கதைதான். கட்டணம் இல்லாமல் வருகிறவருக்கென்று தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கி பாலிசியில் எழுதியிருக்க வேண்டும். உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான பிக்கப் பாலிசிகளில் அந்த வரி இருப்பதில்லை.

சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்னால் லாரி ஒன்று திடீரென்று நின்றால் நீங்களும் பிரேக்கை அழுத்தித்தான் ஆக வேண்டும். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். மெத்தையில் படுத்திருப்பவரைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வண்டி நின்றாலும் அவர் நிற்காமல் முன்பக்கத் தகரத்தில் போய் மோதுவார். இது கேம்பர் வேனுக்கும் பொருந்தும். வண்டி நின்ற பிறகுதான் கட்டில். ஓடும்போது எல்லோரும் பெல்ட் உள்ள சீட்டில்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரரை நாள் முழுக்கப் படுக்க வைத்தே அழைத்துப் போகலாம் என்பதுதான் உங்கள் கணக்கு என்றால், எந்த வண்டி வாங்கினாலும் அது நடக்காது.

இப்போது ஓசூர் வேன். கட்டிலையும் ஏ.சி.யையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. எனக்கு முதலில் வேண்டியது அதுதான்.

டிராவலர் வேன் கம்பெனியிலிருந்து பல விதமாக வரும். ஆள் ஏற்றும் வண்டி, பள்ளி வண்டி, ஆம்புலன்ஸ், சரக்கு வேன் என்று. அதில் ஒன்றை வாங்கி, சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பிளைவுட் அடித்து, தண்ணீர்த் தொட்டி வைத்து, கூரையில் ஓட்டை போட்டு ஏ.சி. மாட்டிவிட்டால் பார்வைக்கு அது கேம்பர். ஆனால் ஆர்.சி.யில் ‘மேக்சி கேப், 12 இருக்கை’, அதாவது ஆள் ஏற்றும் வாடகை வேன் என்றே இருந்தால், சட்டத்தின் கண்ணில் அது சீட்டைத் தொலைத்த மேக்சி கேப்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கறாராகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். அபராதம் விழுவது வண்டியை மாற்றிய மெக்கானிக்கின் மேல் மட்டுமல்ல, உரிமையாளர் மேலும்தான். நாளைக்கு அந்த உரிமையாளர் நீங்கள்.

முறையாகச் செய்வதற்கு வழியே இல்லை என்று சொல்லவில்லை. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி கட்டி, சோதனை நிறுவனத்தில் ஒப்புதல் வாங்கிய வண்டிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியின் ஆர்.சி.யில் வாகன வகை ‘மோட்டார் கேரவன்’ என்றோ, சொந்த உபயோக ‘கேம்பர் வேன்’ என்றோ தெளிவாக இருக்கும். இந்த வேனின் நம்பரை எம்-பரிவாஹன் செயலியில் போட்டுப் பாருங்கள். வாகன வகை, இன்சூரன்ஸ் எது வரை, எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) எது வரை என்று எல்லாம் வந்துவிடும். ஐந்து நிமிட வேலை. 25 ஆயிரம் அட்வான்ஸுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

ஆர்.சி. ஒன்று சொல்லி வண்டி வேறாக நின்றால் கிளெய்ம் என்ன ஆகும்? நான் போய் நின்றதும் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர், அடுத்து பாடி. ஆர்.சி.யில் உள்ளதற்கும் கண் முன்னால் உள்ளதற்கும் பொருத்தமில்லை என்றால் அதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் உங்கள் வண்டிச் சேதத்துக்கான கிளெய்மை கம்பெனி மறுக்க வழி பிறந்துவிடும். மூன்றாம் நபருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டைக் கூட, முதலில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கச் சொல்லி உத்தரவு வரலாம். அது உங்கள் நிலம் வரைக்கும் வந்து நிற்கும் விஷயம்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கேம்பரில் கிளெய்ம் தொகை குறைவாகத்தான் கைக்கு வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கு 50 சதவீதம், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதம் தேய்மானம் கழிப்போம். இரும்புக்கும் மரத்துக்கும் வண்டியின் வயதைப் பொறுத்துக் கழியும். கேம்பரின் உள்ளே இருப்பதெல்லாம் இவைதானே? சோலார், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர் போன்றவற்றைத் தனியாகச் சொல்லி, அவற்றுக்கு மதிப்புப் போட்டு, கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கணக்கில் வரும். பழைய டாரிஃப் (பிரீமியக் கட்டணப் பட்டியல்) கணக்கில் அது மதிப்பில் 4 சதவீதம். பெரிய தொகை இல்லை, ஆனால் கட்டியவர்கள் குறைவு.

கர்நாடகப் பதிவு என்பதால் இன்னொரு சுற்று அலைச்சல் இருக்கிறது. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும், இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும், தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். வெளிமாநில நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது. அந்த வேலைக்காக வேலூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டும்போது ஆய்வாளர் உள்ளே எட்டிப் பார்ப்பார். அங்கேயும் அதே கேள்விதான் வரும்: சீட் எங்கே? 6 லட்சம் என்ற விலையில் இந்தச் செலவுகள் எதுவும் சேரவில்லை. வெள்ளை போர்டு என்றால் 2031-ல் 15 வருடம் முடிந்து, மறுபடி சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு என்றால் எட்டு வருடம் தாண்டிவிட்டதால் வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும்.

அப்புறம், வண்டிக்கு வண்டி மாற்றும் பேரத்தில் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று. வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவீர்கள், உங்கள் பிக்கப்பை அவர் கொண்டுபோய்விடுவார். பெயர் மாற்றம் ‘அடுத்த வாரம்’ என்று தள்ளிப் போகும். அதற்குள் பிக்கப் யாரையாவது இடித்துவிட்டால்? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டி பத்துக் கை மாறியிருந்தாலும் சம்மன் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். ஆகவே பிக்கப்பை யாருக்கு எப்போது விற்றாலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டும் போட்டு, கடன் முடிந்ததற்கான படிவம் 35-ம் போட்டு, ஆர்.சி.யில் பெயர் மாறியதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாக இருக்கலாம். கடன் கட்டி முடித்தாயிற்று என்கிறீர்கள். வங்கியின் பெயரை ஆர்.சி.யிலிருந்து எடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் விற்றாலும் விற்காவிட்டாலும் அதை இந்த மாதமே முடித்துவிடுங்கள்.

காகிதங்களை விட்டு வண்டிக்குள் போவோம். வீடியோவில் கேம்பர் வேன் நிற்பது பெரும்பாலும் குளிர்ந்த மலையில். நமக்கு பங்குனி முதல் ஆனி வரை எப்படிக் காயும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். பகல் முழுக்க அந்த வெயிலில் நின்ற தகரப் பெட்டி இரவு வெகு நேரம் வரை உள்ளே அனலடிக்கும்.

ஏ.சி. இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் ஏ.சி. இரவு எட்டு மணி நேரம் ஓட, சிக்கனமாகப் பார்த்தாலும் 5 யூனிட் மின்சாரம் வேண்டும். 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் நிற்பது 2.5 யூனிட். கூரையில் 300 வாட் சோலார் பலகை இருந்தால் நல்ல வெயில் நாளில் 1.2 முதல் 1.5 யூனிட் வரை கிடைக்கும். அந்த வெயில் பலகைக்குக் கிடைக்க வேண்டுமென்றால் வண்டியை வெட்டவெளியில் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உள்ளே வேகும். புளியமரத்து நிழலில் நிறுத்தினால் பலகைக்கு வேலையில்லை. ஆகவே சோலாரில் இரவு முழுக்க ஏ.சி. என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்விசிறி, விளக்கு, சின்ன ஃப்ரிட்ஜ், போன் சார்ஜ் எல்லாவற்றுக்கும் அந்தச் சோலார் தாராளமாகப் போதும். ஏ.சி.க்குப் போதாது.

போதாதபோது என்ன செய்வார்கள்? எஞ்சினை ஓட விடுவார்கள், அல்லது ஜெனரேட்டர் வைப்பார்கள். இந்தக் கடிதத்தில் ஒரு பத்தியை மட்டும் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவதாக இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வண்டிக்குள் புகுந்த கார்பன் மோனாக்சைடு அவர்களைக் கொன்றுவிட்டது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்கு மூச்சுத் திணறுவது கூடத் தெரியாது. தரையில் ஒரு ஓட்டை சரியாக அடைபடாமல் இருந்தால் போதும். ஊர்ப் பட்டறையில் பைப் போடுவதற்கும் ஒயர் இழுப்பதற்கும் தரையைத் துளைத்திருப்பார்கள், அதை எப்படி அடைத்தார்கள் என்று மெத்தைக்கு மேலிருந்து யாருக்கும் தெரியாது. மூடிய வண்டிக்குள் தூங்கும்போது எஞ்சினும் ஓடக்கூடாது, ஜெனரேட்டரும் பக்கத்தில் ஓடக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

கேஸ் அடுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். தரை மட்டத்தில் காற்றுப் போக வழி இல்லாத வண்டியில் சிலிண்டர் வைக்கவே கூடாது. எங்கே போனாலும் அடுப்பை வெளியே இறக்கி வைத்துச் சமைப்பது நல்லது.

கழிவறைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனைவியின் கவலையே அதுதான். இந்த மாதிரி வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் 20 லிட்டர் அளவுள்ள ஒரு பெட்டி. இரண்டு பேர் இரண்டு மூன்று நாள் பயன்படுத்தினால் நிறைந்துவிடும். பிறகு அந்த 20 கிலோ பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு கழிவறையில் கொட்டிக் கழுவ வேண்டும். அதைச் செய்யப் போவது நீங்கள். நம் பக்கத்து பெட்ரோல் பங்குகளில் அதற்கென்று இடம் எதுவும் கிடையாது. குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டுகிறவர் நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். அறையும் மிகச் சிறியது. முழங்கால் மடங்காதவர் அதற்குள் திரும்பி உட்கார்ந்து எழ முடியுமா என்பதை அவரே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். வேனில் ஏறும் படியின் உயரமும் அப்படியே. இதுவரை அவர் அந்த வேனை நேரில் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை.

கோவில் ஊர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தின் தெருக்களை நினைத்துப் பாருங்கள். அந்த நீளமும் உயரமும் உள்ள வேனைக் கோவில் வாசல் வரை கொண்டுபோக முடியாது. எங்கோ ஒரு மைதானத்தில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். ராமேஸ்வரத்திலும் அதே கதை. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போனால் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். முழங்கால் வலிக்காரருக்கு வேண்டியது வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் இறங்க முடியும் என்பதுதான். அந்த வகையில் பெரிய வேன் அவருக்கு எதிரி.

பணக் கணக்கு சுருக்கமாக. பிக்கப் போனால் மாதம் 18 ஆயிரம் போகும், வருடத்துக்கு 2 லட்சத்து 16 ஆயிரம். 6 லட்சத்தை 7 சதவீத வட்டியில் போட்டு வைத்தால் வரக்கூடிய 42 ஆயிரமும் போகும். மொத்தம் 2 லட்சத்து 58 ஆயிரம். 40 இரவுக்கு வகுத்தால் ஓர் இரவு 6,450 ரூபாய், 30 இரவு என்றால் 8,600 ரூபாய். இதில் டீசல், டோல், வரி, இன்சூரன்ஸ், டயர் எதுவும் சேரவில்லை. பிக்கப்பின் விலையும் சேரவில்லை. உங்கள் சொந்தக் கத்தரிக்காயை மார்க்கெட்டுக்கு அனுப்ப இனி அடுத்தவர் வண்டிக்குக் கொடுக்கப் போகும் வாடகையும் சேரவில்லை. அந்தப் பணத்தில் எந்தக் கோவில் ஊரிலும் தரைத்தளத்தில், மேற்கத்தியக் கழிவறையோடு சுத்தமான ஏ.சி. அறை எடுக்கலாம்.

ஓடி ஓடிச் சம்பாதித்தது போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நியாயமான ஆசை, அதைக் கணக்குப் போட்டு மடக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஓட்டத்தைக் குறைப்பதற்கு வண்டியை விற்க வேண்டியதில்லை. ஊரில் நம்பகமான இளைஞர் ஒருவரை டிரைவராகப் போட்டு வாரத்தில் பாதி நாளை அவரிடம் விடுங்கள். வருமானம் பாதியாகக் குறைந்தாலும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், உங்களுக்கு விடியற்காலைத் தூக்கம் திரும்பக் கிடைக்கும், யாத்திரை நாட்களில் மார்க்கெட் வேலையும் நிற்காது. கடன் முடிந்த பொலிரோ பிக்கப்புக்கு நம் பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கிறார்கள், இரண்டு வருடம் கழித்து விற்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

நானாக இருந்தால் என்ன செய்வேன்? பிக்கப்பை வைத்துக்கொள்வேன். கையில் 6 லட்சம் உண்மையிலேயே இருக்கிறதென்றால் அதற்குள் எர்டிகா மாதிரி வெள்ளை போர்டு வண்டி ஒன்றை, நல்ல நிலையில் உள்ளதாகப் பார்த்து வாங்குவேன். அதன் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே திருப்பினால் போதும், ஏற வேண்டியதும் இல்லை, குனிய வேண்டியதும் இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய விஷயம். முன் சீட்டைப் பின்னால் தள்ளி முதுகைக் கொஞ்சம் சாய்த்தால் பெல்ட்டோடு வசதியாகக் கால் நீட்டி வரலாம். ரொம்பவும் சாய்க்கக் கூடாது, பெல்ட் மார்பிலும் இடுப்பிலும் சரியாகப் படிந்திருக்க வேண்டும். கோவில் வாசலுக்கு அருகில் இறக்கிவிட முடியும். சொந்த உபயோகக் கார், ஜீப், வேன்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாயில் வருடாந்திர ஃபாஸ்டேக் பாஸ் கொண்டுவந்தார்கள், தேசிய நெடுஞ்சாலை டோல்களில் 200 முறை வரை செல்லும். மஞ்சள் போர்டு பிக்கப்புக்கு அது கிடையாது. டிக்கியில் மடக்கும் கமோடு நாற்காலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும், விலை சில ஆயிரம்தான். லாட்ஜில் எந்த மாதிரிக் கழிவறை இருந்தாலும் அதன் மேல் வைத்து உட்காரலாம். உங்கள் மனைவி வீட்டை விட்டுக் கிளம்பத் தயங்குவதில் பாதி அந்த நாற்காலியிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

காசியை எந்த வண்டியோடும் சேர்க்காதீர்கள். இங்கிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். நாளுக்கு 400 வைத்தாலும் போக ஐந்து நாள், வர ஐந்து நாள். அந்த டிராவலரில் போய் வந்தால் டீசல் மட்டுமே 35 ஆயிரத்தைத் தாண்டும். சென்னையிலிருந்து கங்கா காவேரி ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்துப் போகலாம். அங்கே தங்குவதற்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது, தமிழில் பேசிக்கொள்ளலாம், நம் சாப்பாடும் கிடைக்கும். முன்கூட்டியே பேசி தரைத்தள அறை கேளுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் கேம்பர் ஆசை விடவில்லை என்றால் அதில் தவறு ஒன்றும் இல்லை. இரவில் ஜவ்வாது மலையில் வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பது பெரிய சந்தோஷம்தான். வானம் அவ்வளவு தெளிவு என்பதால்தானே காவலூரில் தொலைநோக்கி வைத்தார்கள். ஆனால் வாங்குவதற்கு முன்னால் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தை, மாசியில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், சித்திரையில் வெயில். முதல் இரவு ஏலகிரியில் தங்குங்கள். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது அந்த நீளமான வண்டியைத் திருப்புவது உங்களுக்குப் பிடிக்கிறதா, உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குத் தலை சுற்றுகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் இரவில் நிறுத்தக்கூடாது, தங்கும் விடுதி வளாகத்தில் பேசி இடம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று இரவு போதும். நாலாம் நாள் காலையில் உங்கள் மனைவி ‘இன்னும் ஒரு நாள் இருக்கலாமே’ என்றால் ஆர்.சி.யில் கேம்பர் என்று எழுதியிருக்கும் வண்டியாகத் தேட ஆரம்பிக்கலாம், அப்போது பிக்கப்பை விற்பதைப் பற்றியும் பேசலாம்.

ஓசூர்க்காரருக்கு இப்போது என்ன பதில் சொல்வது? ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ் பாலிசி, வண்டியை மாற்றியதற்கு வாங்கிய ஒப்புதல் ஆகிய மூன்றின் நகலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் பற்றிப் பேச முடியும் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், பாலிசியில் என்ன வண்டி என்று எழுதியிருக்கிறது என்பதைப் பார்த்துச் சொல்கிறேன். மாதக் கடைசிக்குள் அவர் வேறு யாருக்காவது விற்றுவிட்டால் விற்கட்டும்.